முதலிடம் ஒருவருக்கு, கோப்பை இன்னொருவருக்கு: கால்பந்து கேள்வி-பதில்

இன்டர் மயாமி கோப்பையைத் தூக்கியதிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகள் முக்கால்வாசி அமெரிக்காவின் மேஜர் லீக் சாக்கர், அதாவது எம்எல்எஸ் பற்றித்தான். அதிலும் லீக் சுற்று முடிந்த பிறகு நடக்கும் பிளேஆஃப் பற்றித்தான் எல்லோருக்கும் குழப்பம், கோபம், ஆர்வம் எல்லாம். சரி, இந்த முறை மற்ற லீக்குகளுக்கு விடுமுறை.

கே: 2024-ல் மெஸ்ஸியின் மயாமி புள்ளிப் பட்டியலில் முதலிடம், கோப்பையோ எல்ஏ கேலக்ஸிக்கு. 2025-ல் பிலடெல்பியா முதலிடம், கோப்பை மயாமிக்கு. அப்படியானால் எட்டு மாதம் லீக் ஆடுவது எதற்காக?

ப: இரண்டும் இரண்டு பட்டங்கள் என்று மனதில் பிரித்து வைத்துக்கொண்டால் பாதிக் கோபம் போய்விடும். லீக் சுற்றில் 34 ஆட்டங்களின் முடிவில் அதிகப் புள்ளி எடுத்த அணிக்குக் கிடைப்பது சப்போர்ட்டர்ஸ் ஷீல்ட். பிளேஆஃபில் கடைசிவரை தாக்குப்பிடித்த அணிக்குக் கிடைப்பது எம்எல்எஸ் கப். அமெரிக்காவில் 'சாம்பியன்' என்றால் அது கப் வாங்கியவர்தான், ஷீல்ட் வாங்கியவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை. இத்தனைக்கும் அந்த ஷீல்ட் நிர்வாகம் யோசித்துக் கொண்டுவந்த பரிசே இல்லை, லீக்கில் முதலிடம் வருபவனுக்கு ஒன்றுமே இல்லையா என்று ரசிகர்களே கைக்காசு போட்டு உருவாக்கியது. இன்றும் அதைக் கவனித்துக்கொள்வது ரசிகர்களின் அமைப்புதான். 2020-ல் ரசிகர்கள் மைதானத்துக்கே வர முடியாத வருஷத்தில் ஷீல்டு தரப்போவதில்லை என்று அறிவித்துவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் முடிவை மாற்றிக்கொண்டார்கள்.

1996-லிருந்து 2025 வரை 30 சீசன்கள். ஒரே வருஷத்தில் இரண்டையும் வாங்கிய சம்பவம் எட்டே எட்டு முறை. டி.சி. யுனைடெட் 1997, 1999, கான்சஸ் சிட்டி 2000, கேலக்ஸி 2002, 2011, கொலம்பஸ் 2008, டொராண்டோ 2017, லாஸ் ஏஞ்சலஸின் இன்னோர் அணியான எல்ஏஎஃப்சி 2022. இதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது. லீக்கின் புள்ளிச் சாதனை 2018-ல் நியூயார்க் ரெட் புல்ஸ் கையில் 71, 2019-ல் எல்ஏஎஃப்சி கையில் 72, 2021-ல் நியூ இங்கிலாந்து கையில் 73, 2024-ல் மயாமி கையில் 74 என்று படிப்படியாக ஏறியது. இந்த நால்வரில் ஒருவர்கூட அந்த வருஷம் கப் வாங்கவில்லை, இறுதிப் போட்டிக்கே போகவில்லை. மயாமி 74 எடுத்த வருஷம் முதல் சுற்றிலேயே மூட்டையைக் கட்டியது, கிழக்கில் மூன்றாவதாக வந்த 2025-ல் கோப்பையை எடுத்தது.

கே: இங்கிலாந்து, ஸ்பெயின் போல முதலிடம் வந்தவருக்கே கோப்பையைக் கொடுத்துவிட்டுப் போகலாமே?

ப: நானும் ரொம்ப நாள் இதையே சொல்லிக்கொண்டிருந்தவன்தான். ஆனால் இங்கிலாந்தில் 20 அணிகளும் மற்ற 19 பேரோடும் உள்ளூரில் ஒன்று வெளியூரில் ஒன்று ஆடி முடிக்கிறார்கள், பட்டியலைப் பார்த்தால் யார் பெரியவர் என்று சண்டை போட இடமில்லை. எம்எல்எஸ்ஸில் இப்போது 30 அணிகள். எல்லோரும் எல்லோரோடும் இரண்டு முறை ஆட வேண்டுமென்றால் ஆளுக்கு 58 ஆட்டம், அது நடக்காத காரியம். அதனால் கிழக்கு, மேற்கு என்று இரண்டு பிரிவாக, அதாவது கான்ஃபரன்ஸாக, பதினைந்து பதினைந்தாகப் பிரித்துவிட்டார்கள். 2025-ல் ஒவ்வோர் அணியும் தன் பக்கத்து 14 பேரோடு இரண்டிரண்டு முறை, எதிர்ப்பக்கத்தில் ஆறு பேரோடு மட்டும் ஒரே ஒரு முறை. அப்படி இருக்கும்போது கிழக்கில் 66 புள்ளி எடுத்த பிலடெல்பியா, மேற்கில் 63 எடுத்த வான்கூவரைவிட உண்மையிலேயே பலமான அணிதானா என்று பட்டியலை மட்டும் வைத்து எப்படிச் சொல்வது? ஆடிய எதிராளிகளே வேறு வேறு.

இதோடு இன்னொன்று. அங்கே கீழ் டிவிஷனுக்கு இறங்குவது என்ற பயம் கிடையாது. கடைசி இடத்தில் இருப்பவன் அடுத்த வருஷமும் அதே லீக்கில்தான் ஆடுவான். பிளேஆஃப் என்ற ஒன்று இல்லையென்றால் ஆகஸ்ட் மாதத்துக்குமேல் பாதி அணிகளுக்கு ஆட ஒரு காரணமும் இருக்காது. பேஸ்பால், கூடைப்பந்து என்று அந்த ஊரின் எல்லா லீக்குகளும் பிளேஆஃபில்தான் முடிகின்றன, கால்பந்து மட்டும் வேறு மாதிரி முடிந்தால் அங்குள்ள ரசிகனுக்கு சீசன் முடிந்ததாகவே தோன்றாது.

கே: எத்தனை அணிகள், எந்த முறை? ஐபிஎல் பிளேஆஃப் மாதிரி முதல் இரண்டு அணிகளுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டா?

ப: அந்தச் சலுகை இங்கே இல்லை. 2023-லிருந்து உள்ள முறை இது. கிழக்கில் ஒன்பது, மேற்கில் ஒன்பது, மொத்தம் 18. எட்டாம், ஒன்பதாம் இடத்தவர்கள் ஒரே ஒரு வைல்டு கார்டு ஆட்டம் ஆடி, ஜெயித்தவர் முதலிடத்தவரோடு மோதுவார். முதல் சுற்று மட்டும் மூன்று ஆட்டத் தொடர். முதல் ஆட்டமும், தேவைப்பட்டால் மூன்றாவதும் மேல் இடத்தவர் மைதானத்தில், இரண்டாவது மட்டும் கீழே உள்ளவர் மைதானத்தில். அதற்குமேல் கான்ஃபரன்ஸ் அரையிறுதி, கான்ஃபரன்ஸ் இறுதி, எம்எல்எஸ் கப் எல்லாமே ஒரே ஆட்டம்தான், தோற்றால் வீட்டுக்கு. கான்ஃபரன்ஸ் என்பது பெயருக்குத்தான், கிழக்கின் சாம்பியனும் மேற்கின் சாம்பியனும் இறுதியில் சந்திப்பார்கள், அவ்வளவே. லீக் சுற்றில் நல்ல இடம் பிடித்ததற்கு இங்கே கிடைக்கும் ஒரே கூலி சொந்த மைதானம்.

கே: அந்த மூன்று ஆட்டத் தொடர் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?

ப: இல்லை. பிளேஆஃப் என்ற எண்ணத்தை ஏற்றுக்கொண்டவன்கூட இந்தச் சுற்றை ஏற்க முடியாது. கோல் வித்தியாசம் கணக்கில் வராது, 90 நிமிடத்தில் டிரா என்றால் கூடுதல் நேரம்கூட இல்லாமல் நேராக பெனால்டி ஷூட்-அவுட், அதில் ஜெயித்தாலும் அது முழு வெற்றி. 2025-ல் மினசோட்டாவும் சியாட்டிலும் மோதியதைப் பாருங்கள். முதல் ஆட்டம் கோலே இல்லாத டிரா, பெனால்டியில் மினசோட்டா. இரண்டாவதில் சியாட்டில் 4-2 என்று சாத்தியது. மூன்றாவது 3-3, மறுபடியும் பெனால்டி, அதுவும் 7-6 வரை இழுத்துப்போய் மினசோட்டா. கூட்டிப் பார்த்தால் சியாட்டில் ஏழு கோல், மினசோட்டா ஐந்து. 90 நிமிடத்துக்குள் ஓர் ஆட்டத்தைக்கூட ஜெயிக்காத அணி அடுத்த சுற்றுக்குப் போயிற்று! மினசோட்டா மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, விதி எப்படியோ அப்படி ஆடினார்கள், மூன்றாவது ஆட்டத்தில் பத்துப் பேரோடு வேறு போராடினார்கள். முந்தைய வருஷம் ரியல் சால்ட் லேக்கை அவர்கள் வெளியேற்றியதும் இதே வழிதான், இரண்டு டிரா, இரண்டு ஷூட்-அவுட்.

எல்லா அணிகளுக்கும் குறைந்தது ஓர் ஆட்டமாவது சொந்த மைதானத்தில் கிடைக்க வேண்டும், டிக்கெட் விற்க வேண்டும், ஒளிபரப்புக்கு ஆட்டங்கள் கூடுதலாக வேண்டும், இதெல்லாம் புரிகிறது. ஆனால் 2019-லிருந்து 2022 வரை எல்லாச் சுற்றும் ஒரே ஆட்டம் என்று இருந்தபோது ஒவ்வொரு இரவும் தீப்பிடித்த மாதிரி இருந்தது, அதைக் கலைத்துவிட்டு இதைக் கொண்டுவந்திருக்க வேண்டாம்.

கே: முன்பு இரண்டு ஆட்டங்களின் கோல்களைக் கூட்டிப் பார்க்கும் முறை இருந்ததாமே. அது நன்றாக இருந்ததா?

ப: பெரும்பாலும் சவசவ. முதல் ஆட்டத்தில் இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு ஆடுவார்கள். ஆனால் 2003 நவம்பரில் சான் ஹோசே எர்த்குவேக்ஸ் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அந்த முறையைத் திட்ட மாட்டார்கள். கேலக்ஸியிடம் முதல் ஆட்டத்தை 0-2 என்று தோற்று வந்தார்கள். இரண்டாவது ஆட்டம் சொந்த மைதானத்தில், ஆரம்பித்துக் கால்மணி நேரத்துக்குள் மறுபடியும் 0-2. ஆக மொத்தம் நான்கு கோல் பின்தங்கியாயிற்று. அதற்குமேல் அந்த அணி வரிசையாக நான்கு கோல் போட்டு, நான்காவதை ஆட்டம் முடியும் தறுவாயில் போட்டு, சமன் செய்து, கூடுதல் நேரத்தில், முதலில் போடுபவர் அங்கேயே ஜெயிக்கும் கோல்டன் கோலும் அடித்து 5-2 என்று ஜெயித்தது. அந்த வருஷக் கோப்பையும் அவர்களுக்கே.

கே: 2024-ல் மயாமி தோற்றது அதிர்ஷ்டக் குறைவா, இல்லை உண்மையிலேயே மோசமாக ஆடினார்களா?

ப: இரண்டும் கலந்தது, கூடவே எதிரே நின்றவர்களின் மனத்திடமும். அட்லாண்டா யுனைடெட் லீக் சுற்றில் 40 புள்ளி எடுத்து கிழக்கில் ஒன்பதாவதாக ஒட்டிக்கொண்டு உள்ளே வந்த அணி, அதாவது மயாமிக்கும் அவர்களுக்கும் 34 புள்ளி இடைவெளி. வைல்டு கார்டில் மான்ட்ரியாலைப் பெனால்டியில் தாண்டி வந்தார்கள். முதல் ஆட்டம் மயாமிக்கு 2-1, இரண்டாவது அட்லாண்டாவுக்கு 2-1. மூன்றாவது மயாமியில். மயாமி முதலில் கோல் போட்டது, அடுத்த சில நிமிடங்களில் அட்லாண்டாவின் ஜமால் தியாரே இரண்டு கோல் போட்டு மைதானத்தை அமைதியாக்கினார். மெஸ்ஸி தலையால் முட்டி 2-2 ஆக்கியபோது இனிமேல் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பத்து நிமிடம் கழித்து ஸ்லிஷ் தலையால் முட்டி 3-2. அதற்குமேல் மயாமி எதை அடித்தாலும் நாற்பது வயதான கோல்கீப்பர் பிராட் குசான் தடுத்துக்கொண்டே இருந்தார்.

மயாமி அந்த வருஷம் முழுக்கவே கோல் வாங்கிக்கொண்டு, அதைவிட ஒன்று அதிகமாகப் போட்டு ஜெயித்த அணி. 34 ஆட்டத்தில் அது ஈடுகட்டிவிடும். மூன்று ஆட்டத்தில் ஈடுகட்டாமலும் போகலாம், போயிற்று.

கே: பிறகு 2025-ல் என்ன மாறியது?

ப: தடுப்பாட்டம் கொஞ்சம் தேறியது, முன்னால் டாடியோ அயெண்டே திடீரென்று கோல் மழை பொழிய ஆரம்பித்தார், ரோட்ரிகோ டி பால் வந்து நடுக்களத்தில் ஓடினார். நாஷ்வில்லிடம் இரண்டாவது ஆட்டத்தைத் தோற்றுப் பழைய பயத்தைக் காட்டினாலும் மூன்றாவதில் 4-0. சின்சினாட்டியை அவர்கள் ஊரிலேயே 4-0, நியூயார்க் சிட்டியை 5-1. இறுதியில் வான்கூவர். அந்த வான்கூவர் அதே வருஷம் வட, மத்திய அமெரிக்க, கரீபிய கிளப்புகளுக்கான கான்ககாஃப் சாம்பியன்ஸ் கப் அரையிறுதியில் மயாமியை இரண்டு ஆட்டத்திலும் தோற்கடித்த அணி என்பதை மறந்துவிடக் கூடாது.

டிசம்பர் 6 அன்று ஸ்கோர் 3-1 என்று முடிந்ததைப் பார்த்து அது சுலபமான வெற்றி என்று எழுதியவர்கள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. வான்கூவர் 60-வது நிமிடம் சமன் செய்தது. அடுத்த இரண்டு நிமிடத்துக்குள் எம்மானுவேல் சாபி அடித்த பந்து ஒரு கம்பத்தில் பட்டது, கோல் வாய்க்குக் குறுக்கே போய் மறு கம்பத்திலும் பட்டது, வெளியே வந்தது. அரங்கமே தலையில் கை வைத்துக்கொண்டது. அது ஓர் அங்குலம் உள்ளே திரும்பியிருந்தால் வான்கூவர் 2-1, அதற்கப்புறம் யார் எழுதுவது கதையை? பத்து நிமிடம் கழித்து மெஸ்ஸி எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறித்து டி பாலுக்குத் தள்ளினார், கோல். கடைசியில் அயெண்டேக்கு இன்னொன்று. மயாமியின் புஸ்கெட்ஸ், ஜோர்டி ஆல்பா இருவருக்கும் அதுவே கடைசி ஆட்டம்.

கே: இரண்டு கம்பத்திலும் பட்டு வெளியே வந்த பந்து என்றால் 2015 போர்ட்லாந்துதான் நினைவுக்கு வருகிறது. அதைப் பற்றிச் சொல்லுங்கள்.

ப: இதைக் கேட்ட வாசகர் பழைய ஆள் போலிருக்கிறது. போர்ட்லாந்தும் ஸ்போர்ட்டிங் கான்சஸ் சிட்டியும் மோதிய நாக்-அவுட் ஆட்டம், பெனால்டி ஷூட்-அவுட் நீண்டுகொண்டே போகிறது. கான்சஸ் சிட்டியின் சாத் அப்துல் சலாம் அடிக்கிறார், போனால் ஜெயம். பந்து ஒரு கம்பத்தில் மோதி, கோட்டோரமாகவே ஓடி, மறு கம்பத்தில் மோதி, வெளியே. பதினொரு பேரும் அடித்து முடிக்க வேண்டிய நிலை, கடைசியில் கோல்கீப்பர்களே அடிக்க வந்தார்கள். போர்ட்லாந்து கீப்பர் ஆடம் குவராசி தன் பெனால்டியைப் போட்டுவிட்டு, எதிரணிக் கீப்பர் அடித்ததைத் தடுத்தும்விட்டார். 7-6. அந்த அணி அப்படியே போய்க் கோப்பையையும் வாங்கிவிட்டது. இறுதிப் போட்டியில் டியேகோ வலேரி 27-வது விநாடியில் போட்ட கோல்தான் எம்எல்எஸ் கப் இறுதிகளில் மிக வேகமானது. கொலம்பஸ் கீப்பர் பந்தை நிதானமாகக் காலால் தள்ளிவிடப் பார்க்க, வலேரி ஓடிவந்து காலை நீட்டினார், அவ்வளவுதான்.

கே: இதுவரை நடந்ததிலேயே சிறந்த இறுதிப் போட்டி எது?

ப: 2022. யோசிக்கவே வேண்டாம். லாஸ் ஏஞ்சலஸில் எல்ஏஎஃப்சியும் பிலடெல்பியாவும், இரண்டு கான்ஃபரன்ஸின் முதலிடத்தவர்கள், லீக்கில் இருவருக்கும் ஒரே 67 புள்ளி, வெற்றிகள் அதிகம் என்பதால் ஷீல்டும் சொந்த மைதானமும் எல்ஏஎஃப்சிக்கு. 83-வது நிமிடம் எல்ஏஎஃப்சி 2-1, 85-வது நிமிடம் ஜாக் எலியட் 2-2. கூடுதல் நேரத்தில் எல்ஏஎஃப்சி கீப்பர் மாக்சிம் கிரெப்போ பந்தைக் காப்பாற்ற முழு வேகத்தில் வெளியே பாய்ந்து எதிராளி மேல் மோதினார், கால் முறிந்தது. ஸ்ட்ரெச்சரில் கிடக்கும் மனிதருக்கு ரெட் கார்டு. அவருக்கு அந்த மாதமே உலகக் கோப்பையும் போயிற்று. மாற்றுக் கீப்பர் ஜான் மெக்கார்த்தி உள்ளே வந்தார், பிலடெல்பியாவில் பிறந்து வளர்ந்து பிலடெல்பியா அணிக்கே ஆடியவர்.

120 நிமிடம் தாண்டி, நான்காவது கூடுதல் நிமிடத்தில் எலியட் மறுபடியும் கோல். பிலடெல்பியா 3-2. கோப்பையில் பெயர் பொறிப்பதுதான் பாக்கி என்ற நிலை. பத்துப் பேரோடு ஆடும் எல்ஏஎஃப்சி, 128-வது நிமிடம், இடதுபக்கமிருந்து பலாசியோஸ் தூக்கிப் போட, காயமும் பெஞ்சுமாகக் கேலிக்கு ஆளான காரத் பேல் எல்லோரையும்விட உயரமாக எழும்பித் தலையால் முட்டினார். 3-3. ஷூட்-அவுட்டில் எல்ஏஎஃப்சி முதல் பெனால்டியைத் தவறவிட்டது, பிலடெல்பியாவோ ஒன்றைக்கூடப் போடவில்லை. ஒருவர் வழுக்கி மேலே அடித்தார், இரண்டை மெக்கார்த்தி தடுத்தார். 3-0. ஆட்ட நாயகன் விருது அந்த மாற்றுக் கீப்பருக்கே போனது.

முதல் இறுதியும் ஒன்றும் இளைத்ததல்ல என்று சொல்லிவிடுகிறேன். 1996 அக்டோபரில் ஃபாக்ஸ்பரோவில் கொட்டுகிற மழை, புல் தெரியாத அளவுக்குத் தண்ணீர், கேலக்ஸி 2-0. டி.சி. யுனைடெட் கடைசி இருபது நிமிடத்தில் இரண்டைப் போட்டுச் சமன் செய்து, 94-வது நிமிடம் எட்செவெரி அடித்த கார்னரை எடி போப் தலையால் முட்டி கோல்டன் கோலாக்கினார்.

கே: இலக்கை நோக்கி ஒரு ஷாட்கூட அடிக்காமல் கோப்பை வென்ற அணி உண்டா?

ப: உண்டு. 2016 சியாட்டில். டொராண்டோவின் உறைபனிக் குளிரில் 120 நிமிடம் கோலை நோக்கி ஒன்றுகூட உருப்படியாகப் போகவில்லை. கீப்பர் ஸ்டெஃபான் ஃப்ரை, ஆல்டிடோர் தலையால் முட்டிய பந்தை உள்ளே விழப்போகும் நேரத்தில் பின்பக்கமாகப் பாய்ந்து கையால் வெளியே தள்ளினார், அதன் தயவில் பெனால்டி, 5-4. அதே சியாட்டில் 2021 முதல் சுற்றில் ரியல் சால்ட் லேக்கிடம் பெனால்டியில் தோற்றது. அன்று சால்ட் லேக் அடித்த ஷாட்டுகள் மொத்தம் பூஜ்ஜியம், இலக்கில் என்றல்ல, மொத்தமாகவே. கடன் வட்டியோடு தீர்ந்தது.

கே: சொந்த மைதானம் உண்மையிலேயே அவ்வளவு பெரிய விஷயமா?

ப: 2012-லிருந்துதான் இறுதிப் போட்டி, மோதும் இருவரில் லீக்கில் அதிகப் புள்ளி எடுத்த அணியின் மைதானத்தில் நடக்கிறது, அதற்குமுன் முன்கூட்டியே தேர்ந்தெடுத்த ஊரில். 2012 முதல் 2025 வரை 14 இறுதிகள், சொந்த மைதானக்காரர் தோற்றது 2015, 2016, 2021 என்று மூன்றே தடவை. அதில் இரண்டு பெனால்டியில். 2018-ல் அட்லாண்டாவில் 73,019 பேர் கூடினார்கள், எதிரணிக்குத் தங்கள் கோச் கத்துவதே கேட்டிருக்காது. ஆனால் இதை வைத்துப் பந்தயம் கட்டிவிடாதீர்கள், முந்தைய சுற்றுகளில் பெரிய தலைகள் விழுவதெல்லாம் சொந்த மைதானத்தில்தான். 2019 எல்ஏஎஃப்சி, 2021 நியூ இங்கிலாந்து, 2024 மயாமி, 2025 பிலடெல்பியா, நால்வரும் வெளியேறியது சொந்த ரசிகர்கள் கண்முன்னே.

கே: 30-ல் 18 அணிகளை உள்ளே விடுவது கேலிக்கூத்து இல்லையா?

ப: 1996-ல் பத்து அணிகள், பிளேஆஃபுக்கு எட்டு. அதோடு ஒப்பிட்டால் இன்றைய லீக் கறார் பேர்வழி! என் வரையில் பக்கத்துக்கு ஏழு போதும். ஆனாலும் 2009-ஐ நினைத்துக்கொள்கிறேன். ரியல் சால்ட் லேக் 11 வெற்றி, 12 தோல்வி, 7 டிரா, வெற்றியைவிடத் தோல்வி அதிகம், கடைசி நாளில்தான் இடமே உறுதியானது. பெக்கமும் டோனவனும் ஆடிய கேலக்ஸியை இறுதியில் பெனால்டியில் வென்றார்கள். கதவைக் குறுக்கினால் இதுவும் கிடையாது.

கே: மேற்கு அணி கிழக்கின் சாம்பியன் ஆனதாக ஒரு நண்பர் சொல்கிறார். உளறுகிறாரா?

ப: இல்லை. 2010 கொலராடோ ராபிட்ஸ். அப்போது மீதி இடங்களுக்குப் புள்ளியைப் பார்த்து எந்தப் பக்கமும் சேர்த்தார்கள், கொலராடோ கிழக்கு அட்டவணையில் விழுந்து அதை வென்று, இறுதியில் இன்னொரு மேற்கு அணியான டல்லஸைத் தோற்கடித்தது. நண்பருக்கு ஒரு காபி கடன்பட்டிருக்கிறீர்கள்.

கே: ராசியே இல்லாத அணி?

ப: நியூ இங்கிலாந்து ரெவல்யூஷன். 2002, 2005, 2006, 2007, 2014 என்று ஐந்து இறுதிகள், ஐந்திலும் தோல்வி. 2006-ல் கூடுதல் நேரத்தில் கோல் போட்டார்கள், அடுத்த நிமிடமே ஹூஸ்டன் திருப்பிப் போட்டு, பெனால்டியில் போயிற்று. 2021-ல் 73 புள்ளி எடுத்துச் சாதனை செய்துவிட்டு, முதல் ஆட்டத்திலேயே நியூயார்க் சிட்டியிடம் பெனால்டியில் தோற்றார்கள். நியூயார்க் சிட்டி அங்கிருந்து போய்க் கோப்பையை வாங்கிக்கொண்டது.

கே: எல்ஏஎஃப்சியின் தென் கொரிய வீரர் சன் ஹியுங்-மின் பெனால்டியைத் தவறவிட்ட ஆட்டத்தில் அவரைக் குறை சொல்வது நியாயமா?

ப: அநியாயம். 2025 மேற்கு அரையிறுதி, வான்கூவரின் பிசி பிளேஸ் அரங்கம், எல்ஏஎஃப்சி 0-2 பின்தங்கிய ஆட்டம். 60-வது நிமிடம் ஒன்றைப் போட்டவர் அவர். ஆட்டம் முடியும் நேரத்தில் ஃப்ரீகிக்கை மூலையில் செருகி உயிர் கொடுத்ததும் அவர். கூடுதல் நேரத்தில் வான்கூவர் ஒன்பது பேராகக் குறைந்தும் எல்ஏஎஃப்சியால் முடிக்க முடியவில்லை, அது மொத்த அணியின் தோல்வி. காலில் தசைப்பிடிப்போடு முதல் பெனால்டியை அடிக்க வந்து கம்பத்தில் அடித்தார். கோச் வேறு ஆளை அனுப்பியிருக்கலாம் என்பது என் கட்சி.

கே: சர்வதேச ஆட்டங்களுக்காக நடுவில் பிளேஆஃபை நிறுத்திவிடுகிறார்களே, சூடே ஆறிவிடுகிறது. இதற்கு முடிவு உண்டா?

ப: உண்டு, கொஞ்சம் பொறுக்க வேண்டும். பிப்ரவரி முதல் டிசம்பர் வரை என்ற இப்போதைய காலண்டரை மாற்றுவதாக 2025 நவம்பரில் அறிவித்துவிட்டார்கள். 2027 தொடக்கத்தில் பிப்ரவரி முதல் மே வரை ஒரு குட்டி சீசன், அதற்கும் பிளேஆஃப் உண்டு. பிறகு 2027 ஜூலையில் ஆரம்பித்து அடுத்த ஆண்டு மே மாதம் முடியும் முழு சீசன், நடுவில் குளிர்கால இடைவெளி. ஆக கோப்பை இறுதி மே மாதக் கடைசிக்குப் போகிறது. நவம்பர் இடைவெளித் தொல்லையும் இல்லை, 2013-ல் கான்சஸ் சிட்டியில் மைனஸ் ஏழு டிகிரியில் பத்து ரவுண்டு பெனால்டி அடித்த கொடுமையும் இல்லை. என் பயம் வேறு, மே மாதத்தில் ஐரோப்பாவின் எல்லா இறுதிகளும் வரிசையில் நிற்கும், அந்தக் கூட்டத்தில் இதை யார் கவனிப்பார்கள் என்பது.

கே: புதிதாகப் பார்க்க ஆரம்பிக்கிறேன். எல்லா ஆட்டமும் பார்க்க நேரமில்லை. எதைப் பார்ப்பது?

ப: வைல்டு கார்டு இரண்டையும் பாருங்கள். முதல் சுற்றில் முதல் ஆட்டங்களைத் தாராளமாகத் தவிர்க்கலாம், மூன்றாவது ஆட்டம்வரை போகிற தொடர் இருந்தால் அதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கான்ஃபரன்ஸ் அரையிறுதி நான்கையும் விடாதீர்கள். கெட்டிக்கார அணிகள் விழுவது அங்கேதான். இறுதிப் போட்டியைப் பார்க்கச் சொல்லி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் 90 நிமிடத்தில் எழுந்து போய்விடாதீர்கள்.